பனியன் கம்பெனி வேலை எல்லாம் மாயைதானா?

பின்னலாடை41:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், 17 வருஷம் ஆகிவிட்டது. துணி வாங்குகிற பையரோடு மெயில், சாம்பிள் அப்ரூவல், சாயம் ஷேடு மாறினால் ஒரு சண்டை, கப்பலை விட்டுவிட்டால் விமானச் செலவு யார் தலையில் என்று இன்னொரு சண்டை, இப்படியே ஓடுகிறது. வீடு கட்டியாயிற்று, கார் இருக்கிறது. போன மாதம் ஸ்டோரைச் சுத்தம் செய்தபோது, நான் ராத்திரி பகலாக அலைந்து முடித்த பழைய சாம்பிள்களை மூட்டை கட்டி வேஸ்ட் துணிக்காரருக்கு எடை போட்டுக் கொடுத்தோம். அன்றைக்கே மனசு விட்டுப்போயிற்று. அதற்கேற்ற மாதிரி ஞாயிறு ஆராதனையில் பைபிளின் பிரசங்கி புத்தகம், முதல் அதிகாரம். எல்லாம் மாயை, ஊழியம் ஒன்றுதான் நிற்கும் என்றார் பாஸ்டர். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா? மனைவி, "சரி, வீட்டு லோனை யார் கட்டுவது" என்கிறாள்.

எபிரெயம்_படிக்கிறேன்:
பிரதர், முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நம் வேதாகமத்தில் "மாயை" என்று இருக்கும் இடத்தில் எபிரெயத்தில் ஹெபெல் என்ற சொல். மூச்சு, ஆவி என்று அர்த்தம், டீ கிளாஸிலிருந்து எழும்புமே அதுமாதிரி. இருக்கிறது, ஆனால் பிடித்து வைக்க முடியாது. மாயை என்றதும் நம் காதில் வேதாந்தம் கேட்டு, எல்லாம் பொய் என்று எடுத்துக்கொள்கிறோம். கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் அதே வசனத்தில் "வீண்" என்று இருக்கும். அப்புறம் ஒரு விஷயம், ஆதாமின் மகன், அண்ணன் காயீன் கொன்றுபோட்ட ஆபேலின் பெயரும் எபிரெயத்தில் இதே சொல்தான். ஆவி மாதிரி சீக்கிரம் போய்விட்டான். ஆனால் அவன் கொண்டுபோன காணிக்கை அவன் மேய்த்த மந்தையிலிருந்து வந்தது, அதைக் கர்த்தர் அங்கீகரித்தார். உழைப்பின் பலனை அனுபவிப்பது தேவன் தருவது என்கிற பிரசங்கி 3:13, கைக்குக் கிடைத்த வேலையை முழுப் பலத்தோடு செய் என்கிற 9:10 இரண்டையும் இன்று ராத்திரி படித்துப் பாருங்கள்.

பார்சனேஜ்_அக்கா:
தம்பி, என் வீட்டுக்காரர் 22 வருஷமாகப் பாஸ்டர். நீங்கள் மூட்டை கட்டின மாதிரி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதின பிரசங்கக் குறிப்புகளை நாங்களும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருக்கிறோம். இங்கேயும் சலிப்பு உண்டு, கமிட்டிக் கூட்டம் உண்டு, போன வருஷம் மைக் செட்டுக்கு நடந்த சண்டையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அப்போஸ்தலன் பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தார், உங்கள் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில். யோவான்ஸ்நானனிடம் வரி வசூலிக்கிற ஆயக்காரர்கள் வந்து என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோதுகூட, வேலையை விடு என்று அவர் சொல்லவில்லையே, குறித்ததற்கு மேல் வாங்காதே என்றுதான் சொன்னார். அழைப்பு இருந்தால் வாருங்கள். சலித்துப்போய் மட்டும் வராதீர்கள், அது பின்னாலேயே வந்துவிடும்.

ஓவர்டைம்:
அடுத்து யாராவது கொலோசெயர் 3:23 போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். "கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்பதை ஃப்ரேம் போட்டு மாட்டிவைத்து, ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொன்ன முதலாளியிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். அது அடிமைகளுக்கு எழுதின வசனம். கொஞ்சம் தள்ளினால், எஜமான்களே, நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று வருகிறது, அதை யாரும் மாட்டுவதில்லை. மெர்ச்சண்டைசர் சார், பையரிடம் நீங்கள் ஒத்துக்கொள்கிற தேதிதானே கீழே செக்கிங்கில் இருக்கிற பெண்களுக்கு ராத்திரி ஷிப்டாகிறது? அர்த்தத்தை அங்கே தேடிப் பாருங்களேன். பைபிள் காலேஜ் அப்புறம்.

பின்னலாடை41:
ஓவர்டைம் பிரதர் சொன்னது சுருக்கென்றிருந்தது, உண்மைதான். ஆபேல் பெயர் விஷயம் இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை. நாளைக்கு ஒரு ஆர்டருக்குத் தேதி கொடுக்கவேண்டும். 40 நாள் என்று சொல்வதாக இருந்தேன், 50 கேட்டுப் பார்க்கிறேன், பையர் என்ன சொல்கிறாரோ. ராஜினாமா மெயில் டிராஃப்டில்தான் கிடக்கிறது, இன்னும் அழிக்கவில்லை.