பாண்டியில் கடலை ஒட்டிய வீடு: முழுப் பணமும் முன்னாடியே கேட்கிறார், அனுப்பலாமா?

பாலக்கோட்டான்:

வணக்கம். காலாண்டு விடுமுறையில் தருமபுரிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு ரெண்டு ராத்திரி கடற்கரையில் தங்கலாம் என்று திட்டம். அப்பா, அம்மா, நாங்கள் நால்வர், தங்கச்சி வீட்டில் மூவர், ஆக ஒன்பது பேர். ஓட்டலில் ரூம் போட்டால் ஆளுக்கொரு மாடியில் கிடப்போம் என்று தனி வீடாகத் தேடினேன்.

ஒரு புக்கிங் ஆப்பில் பிடித்த மாதிரி ஒன்று கிடைத்தது. 'புதுச்சேரி, கடலை ஒட்டிய வீடு, மூன்று படுக்கையறை' என்று போட்டிருக்கிறார்கள். படத்தில் வாசல்படி இறங்கினால் மணல், மணல் முடிந்தால் அலை. ஆப்பில் ராத்திரிக்கு 11,000. படத்தின் மூலையில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டால், "ஆப் எதுக்கு சார், நேரா ஜிபே பண்ணுங்க, 8,500க்குத் தர்றேன், ஆனா முழுப் பணமும் இன்னைக்கே வேணும், இன்னொரு பார்ட்டி வெயிட்டிங்" என்கிறார். முகவரி சின்னமுதலியார்சாவடி என்று வருகிறது.

பணம் போடலாமா? அந்தப் பக்கம் கடற்கரை நிஜமாகவே அப்படி இருக்குமா? அம்மாவுக்கு மூட்டு வலி, அதையும் பார்க்க வேண்டும்.

காவேரிப்பட்டணம் கணக்கு:

போடாதீர்கள். 'இன்னொரு பார்ட்டி வெயிட்டிங்' என்ற வார்த்தை வந்தாலே போனை வைத்துவிடலாம். ஆப் வழியாகக் கட்டினால் வீடு சொன்னபடி இல்லையென்று முறையிட ஓர் இடம் இருக்கிறது. ஜிபேயில் போனால் உங்களுக்கு மிச்சம் ஒரு ஸ்கிரீன்ஷாட்தான்.

நேராகத்தான் பேச வேண்டும் என்றால் வீடியோ கால் கேளுங்கள். தெருவிலிருந்து ஆரம்பித்து, கேட்டைத் திறந்து, வீட்டுக்குள் புகுந்து, பின்வாசல் வழியாகக் கடல் வரைக்கும் நிறுத்தாமல் நடந்து காட்டச் சொல்லுங்கள். வீடு கையில் இல்லாதவனால் இதைச் செய்ய முடியாது. யுபிஐயில் பணம் அனுப்பும் முன் வங்கியில் உள்ள பெயர் திரையில் வரும், அது பேசுகிற ஆளின் பெயர்தானா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் கால் பங்குக்கு மேல் முன்பணம் வேண்டாம். ஆதார் கேட்டால், எண்ணின் முதல் எட்டு இலக்கம் மறைந்திருக்கிற மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்தில் இறக்கி அதை மட்டும் கொடுங்கள்.

ஊத்தங்கரை டு பாண்டி:

சொந்த ஊர் ஊத்தங்கரை, வேலை பாண்டியில். முதல் விஷயம், சின்னமுதலியார்சாவடி புதுச்சேரியே இல்லை. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் மாதிரி அதுவும் விழுப்புரம் மாவட்டம், நம்ம தமிழ்நாடு. விளம்பரத்தில் எல்லோரும் பாண்டி என்றுதான் போடுவார்கள். தங்குவதற்கு இதில் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் உங்கள் மச்சான் பாண்டிக்குள் போய் பாட்டில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினால், நடுவில் மாநில எல்லையும் சோதனைச் சாவடியும் இருக்கிறது. காரில் பாட்டில் சிக்கினால் வழக்குதான்.

இரண்டாவது, மணல். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்கரை கட்டினார்கள். அது மணலை மறித்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர, வடக்கே பாண்டி டவுனையும் அதைத் தாண்டிய மீனவக் கிராமங்களையும் கடல் தின்ன ஆரம்பித்தது. டவுன் கடற்கரையில் அவ்வளவு கருங்கல் கிடப்பது அதனால்தான். 2018இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட பிறகு தலைமைச் செயலகம் எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. கோட்டக்குப்பத்திலிருந்து வடக்கே ஓரிடத்தில் மணல் இருக்கும், நூறு அடி தள்ளினால் ஆள் உயரக் கல் குவியல் இருக்கும். படம் எந்த வருஷம் எடுத்ததோ! கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை வருஷ வாரியாகப் பார்க்கலாம். அந்த வீட்டின் லொக்கேஷனை வாங்கிப் போட்டுப் பாருங்கள், கரை எங்கே இருந்தது, எங்கே வந்து நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

பாலக்கோட்டான்:

அண்ணா, ரொம்ப நன்றி. வீடியோ கால் கேட்டேன். மொட்டை மாடியிலிருந்து மட்டும்தான் காட்டினார். கடல் தெரிகிறது, ஆனால் நடுவில் ஒரு சவுக்குத் தோப்பும் கம்பி வேலியும். "பின்வாசல் வழியா நடந்து காட்டுங்க" என்றேன், "சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு சார்" என்று கட் பண்ணிவிட்டார். சரி, அந்த வீடு வேண்டாம். வேறு பார்க்கிறேன். தேதி மட்டும் செப்டம்பர் கடைசி என்று முடிவு.

அரூர் அக்கா:

தம்பி, செப்டம்பர் கடைசி என்றால் புரட்டாசி ஆச்சே! உங்கள் வீட்டில் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடுகிற வழக்கம் உண்டா? இருந்தால் அம்மா மீனைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார்கள். கடற்கரையில் வீடு எடுத்து ரெண்டு நாளும் ரசம் சாதமா?

கோடையில் போகலாம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் வரும், விலைதான் கையைக் கடிக்கும். வெயிலும் கொளுத்தும். மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் அந்த நேரம் காவலை விட்டுவிட்டு நகரவும் முடியாது. அரையாண்டு விடுமுறையோ புத்தாண்டுக் கூட்டம், வாடகை தாறுமாறு. என்னைக் கேட்டால் தை கடைசி, மாசி. மழை ஓய்ந்திருக்கும், காற்றும் இதமாக இருக்கும்.

அம்மாவுக்காக நான் கேட்கச் சொல்வது: கீழ்த்தளத்தில் படுக்கையறை, அதை ஒட்டியே வெஸ்டர்ன் டாய்லெட். மூன்று படுக்கையறையும் மாடியில் வைத்துக் கட்டிய வீடுகள் அங்கே நிறைய. தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். கடலோரம் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் முடி சிக்குப் பிடிக்கும், டீ போட்டால் கரிக்கும். சமையலுக்கு கேன் தண்ணீர் அவர்கள் தருகிறார்களா, நாம் வாங்க வேண்டுமா என்று முன்னாலேயே பேசிவிடுங்கள். சமையலறை இருக்கும், அசைவம் சமைக்கக் கூடாது என்பார்கள். காஸ் இருக்கும், குக்கர் இருக்காது. ஒன்பது பேருக்கு ஆகிற அளவுக்குப் பெரிய குக்கர் ஒன்றும் தோசைக்கல்லும் வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

வேன் ஸ்டாண்டு:

ரூட் நான் சொல்றேன். தருமபுரியிலிருந்து அரூர், தானிப்பாடி, திருவண்ணாமலை. அப்புறம் செஞ்சி, திண்டிவனம், பாண்டி. 200 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். பிள்ளைகளையும் வயசானவர்களையும் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் போனால் ஐந்தரை மணி நேரம் என்று வையுங்கள். செஞ்சியில் இறங்கிக் கோட்டை பார்க்கலாம், வெயிலுக்கு முன்னால் போனால்.

காலண்டரில் பௌர்ணமி பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். கிரிவல நாளில் திருவண்ணாமலையில் மாட்டினால் கடலும் வராது, காபியும் வராது. ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் வானிலையைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது புதுச்சேரி பக்கம். ஆனால் அடுத்த ரெண்டு நாளில் நம்ம ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை, வேனும் காரும் ரோட்டில் உருண்டு போயின. புயல் கடற்கரையில்தானே என்று நினைத்துத் திரும்பி வருகிறவன் வழியில்தான் சிக்குவான்.

ரயில் பைத்தியம்:

எல்லோரும் ஏன் பாண்டியையே பிடித்துத் தொங்குகிறீர்கள்? தரங்கம்பாடி போங்கள். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது, உள்ளே அருங்காட்சியகம், பழைய வீடுகள், கூட்டம் குறைவு. பெங்களூரு காரைக்கால் ரயில் தருமபுரி வழியாகத்தான் போகிறது. மயிலாடுதுறையில் இறங்கினால் பஸ் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்கள் மன்னிக்கவும், ரயிலே இல்லாத ஊர்க்காரர்களிடம் ரயில் பேச்சை எடுப்பது பாவம்.

ஊத்தங்கரை டு பாண்டி:

தரங்கம்பாடி அருமையான ஊர், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் கடல் அரித்து கல் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் காலை நனைத்து மணலில் விளையாட என்றால் பாண்டிக்குத் தெற்கே சின்னவீராம்பட்டினம் பக்கம் பாருங்கள். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தருகிற நீலக்கொடிச் சான்று 2021இல் கிடைத்த ஈடன் கடற்கரை அங்கேதான். சுண்ணாம்பாறு படகுத்துறையும் கிட்ட.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு ஒன்று. ஒகேனக்கல்லிலும் கிணற்றிலும் நீச்சல் கற்றவர்களுக்குக் கடலில் பயமே இருக்காது, அதுதான் ஆபத்து. இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலையில்லாமல் தண்ணீர் சாந்தமாகத் தெரிந்தால் அங்கே இறங்கக் கூடாது. கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே திரும்பிப் போகும், ஆளையும் இழுத்துக்கொண்டு. மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். பிள்ளைகளுக்கு முழங்கால் ஆழம் போதும், பெரியவர் ஒருவர் கடல் பக்கமாக நிற்கட்டும்.

பாலக்கோட்டான்:

அக்கா சொன்ன புரட்டாசி விஷயத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன், அம்மா சிரித்துவிட்டுத் தேதியை மாற்றச் சொல்லிவிட்டார்கள். மாட்டுப் பொங்கல் முடியாமல் அப்பா ஊரை விட்டு நகர மாட்டார், அதனால் ஜனவரிக் கடைசி வாரம், பௌர்ணமி பார்த்துக் குறித்தாயிற்று. சின்னவீராம்பட்டினம் பக்கம் ஒரு வீடு. கீழே ரெண்டு படுக்கையறை, மீன் சமைக்கலாம், கடலுக்குத் தெரு வழியாக ஐந்து நிமிஷ நடை. அவரே போனைத் தூக்கிக்கொண்டு நாய் குரைக்கக் குரைக்க மணல் வரைக்கும் நடந்து காட்டினார். ஆப்பிலேயே போட்டேன், வாடகை கொஞ்சம் அதிகம்தான்.

ஒரே ஒரு கேள்வி. வீட்டுக்குள் போனதும் 5,000 டெபாசிட் தர வேண்டுமாம், கிளம்பும்போது திருப்பித் தருவாராம். இது வழக்கமா?

காவேரிப்பட்டணம் கணக்கு:

வழக்கம்தான். ஆனால் ஆப்பில் போட்டிருக்கும் விதிகளில் அந்த டெபாசிட் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஆப் மெசேஜிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் அனுப்புங்கள். பைகளை உள்ளே வைக்கும் முன் வீடு முழுக்க ஒரு வீடியோ எடுங்கள்: டிவி திரை, ஏசி ரிமோட், பாத்ரூம் கண்ணாடி, மெத்தைக் கறை, உப்புக் காற்றில் துருப்பிடித்த குழாய், ஜன்னல் கொக்கி எல்லாம். எடுத்த கையோடு அவருக்கு அனுப்பிவிடுங்கள், அப்புறம் பிள்ளைகளை உள்ளே விடுங்கள்.