சொந்தமாகத் தைத்துப் போடுகிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம் அக்கா:

எனக்குத் தையல் மேல் ஆசை வந்ததே பாக்கெட்டால்தான். கடையில் எடுக்கிற சுடிதார் டாப்பில் பாக்கெட் இருக்காது, இருந்தாலும் போன் நிற்காது. இப்போது நான் தைக்கிற ஒவ்வொரு டாப்பிலும் உள்ளங்கை முழுசாக நுழைகிற மாதிரி இரண்டு பக்கமும் பாக்கெட் வைக்கிறேன், போட்டுக்கொண்டு வெளியே கிளம்பும்போது வருகிற சந்தோஷமே தனி.

துணிக்கு நம் பக்கத்து ஆட்கள் அலையவே வேண்டாம், கிருஷ்ணகிரி பக்கத்துப் பர்கூர் இருக்கிறது. வரிசையாக ஜவுளிக் கடைகள், பிட் துணி, அதாவது வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி கேட்டால் சில கடைகளில் எடுத்துப் போடுவார்கள், பழகுவதற்கு அதுவே போதும். அங்கே ஒரு கடைக்கார அண்ணன் காட்டனை மடித்துக் கொடுத்துக்கொண்டே, "வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தண்ணி நனைச்சிடும்மா" என்றார். தறியிலும் அப்புறம் கஞ்சி போட்டுப் பதப்படுத்தும்போதும் நூல் இழுபட்டே இருக்கும், தண்ணீர் பட்டதும் அது தளர்ந்து துணி சுருங்கும். மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வரைகூடப் போகலாம். நனைத்து, நிழலில் காயவைத்து, அயர்ன் பண்ணிவிட்டுத்தான் நான் கத்தரியையே எடுப்பேன்.

நிதானம் வேண்டிய இடம் என்றால் அது கைக்குழிதான், அதாவது டாப்பில் கையை இணைக்கிற வளைவு. முன்பக்கக் குழியைப் பின்பக்கத்தைவிட அரை இன்ச் உள்ளே வளைத்து வெட்ட வேண்டும், ஏனென்றால் நாம் கையை எப்போதும் முன்னால்தான் நீட்டுகிறோம், அங்கே துணி மிச்சம் இருந்தால் அக்குள் பக்கம் மடிப்பு விழும். கைக்கு வெட்டிய துணியிலும் ஒரு பக்கம் அதேபோல ஆழமாக இருக்கும், அந்தப் பக்கம் டாப்பின் முன்பாகத்தோடு சேர வேண்டும். எங்கள் தெரு டைலர் அக்கா இதைச் சொல்லிக்கொடுத்தபோது முன்பாகத் துண்டுகளில் எல்லாம் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார், கைத்துணியின் மேல் வளைவு நடுவில் கத்தரி நுனியால் துளியூண்டு வெட்டு வைத்தார். அந்த வெட்டைத் தோள் தையலோடு சேர்த்துவிட்டு, அங்கிருந்து ஒரு பக்கம், மறுபடி அங்கிருந்தே இன்னொரு பக்கம் என்று இறக்கித் தைத்தால் கை முறுக்கிக்கொள்ளாது.

புதிதாகப் பழகுகிறவர்கள் பிளவுஸில் ஆரம்பிக்காதீர்கள். பாவாடை, நைட்டி, தலையணை உறை என்று நேர்த்தையலில் கை பழகட்டும், அளவுக்கு உங்களுக்குச் சரியாகப் பொருந்துகிற பழைய டாப் ஒன்றே போதும்.

பாலக்கோடு தம்பி:

அக்கா, அம்மாவோட கால் மெஷின்ல லுங்கி மூட்டித்தான் நான் பழகினேன், இப்போ எனக்கு நானே அரைக்கை சட்டை தைக்கிறேன். காலருக்குள்ள விறைப்பா நிக்கறதுக்கு கேன்வாஸ் துணி வெச்சு, முனையைத் திருப்பறதுக்கு முன்னாடி மூலைத் துணியைச் சாய்வா நறுக்கிட்டா முனை கூர்மையா நிக்குது. ஒரே தொல்லை, சில நாள் துணிக்கு அடியில நூல் கொத்துக்கொத்தா சிக்கிக்குது. அடி நூல் சுத்தியிருக்கிற பாபினை மாத்தியும் பார்த்துட்டேன்.

காவேரிப்பட்டணம் அக்கா:

தம்பி, அடியில் சிக்கினால் பெரும்பாலும் கோளாறு மேல் நூலில்தான். துணியை அழுத்துகிற காலை மேலே தூக்கிவிட்டு நூல் கோத்துப் பாருங்கள். கால் கீழே இருந்தால் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அதற்குள் இறங்காமல் மேலேயே ஓடும். ஊசியையும் பாருங்கள், சட்டைத் துணிக்கு 14-ஆம் நம்பர் சரி, லைனிங் மாதிரி மெல்லிய துணிக்கு 11 போடுங்கள். அப்புறம் அந்தக் காலரை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், முனையைப் பார்க்க வேண்டும்.