சுரங்க மீத்தேனில் மின்சாரம் எடுக்க முடியுமா?

மன்னைக்காரன்: நிலக்கரிச் சுரங்கத்து மீத்தேனைப் பிடித்து மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்கள். எங்கள் மன்னார்குடியில் மீத்தேன் திட்டத்தை எதிர்த்தோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

தன்பாத்வாசி: இல்லை தம்பி. அங்கே திட்டமிட்டது, வெட்டாத நிலக்கரியில் துளையிட்டு நீரை இறைத்து வாயு எடுப்பது. இது, வெட்டும் சுரங்கத்தில் எப்படியும் கசிகிற வாயு. ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரிச் சுரங்கத்தில் 22 வருடம் நிலத்தடியில் வேலை பார்த்தேன். பாதுகாப்பு விளக்கின் சுடரைத் தாழ்த்தினால், அதன்மேல் மங்கலாக ஒரு நீலத் தொப்பி தெரியும்; மீத்தேன் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பார்த்ததுமே அடிவயிறு கலங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் வெடிக்க ஒரு பொறி போதும். 1.25 சதவீதத்திலேயே ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது விதி. அதனால் பெரிய விசிறி வைத்து அத்தனையையும் வானத்துக்கு ஊதினோம். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடாக்கும் வாயு! வெட்டும் முன்பே துளை போட்டு உறிஞ்சினால் தொழிலாளிக்கு உயிர் மிஞ்சும், எரிபொருளும் கிடைக்கும்.

கரிமண்: சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில், சிஹே சுரங்கத்து வாயுவுக்கென்றே 120 மெகாவாட் மின்நிலையம் கட்டினார்கள். சரி, விசிறிக் காற்றை என்ன செய்வது?

தன்பாத்வாசி: அதில் பெரும்பாலும் 1 சதவீதம்கூட இருக்காது, எஞ்சினில் தனியாக எரியாது. ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் கிளிஃப் சுரங்கத்தில் அதைச் சூடான பீங்கான் அடுக்கு வழியாகச் செலுத்தி மீத்தேனை எரித்து, அந்த வெப்பத்தில் நீராவி உண்டாக்கி 6 மெகாவாட் எடுத்தார்கள்.