குடும்பக் குழு: மலாயாவுக்கு வந்த இரண்டு தமிழர் கூட்டங்கள்

கவிதா: அனைவருக்கும் வணக்கம். ஒரே நாட்டில் குடியேறிய இரண்டு சமூகங்களின் பொருளாதார, சமூக நல்வாழ்வை ஒப்பிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. சீனர், இந்தியர் ஒப்பீட்டை வகுப்பில் பலரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதனால் அப்பா வழியில் தமிழ்நாட்டிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்களையும், அம்மா வழியில் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்தவர்களையும் ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். இரண்டு தரப்பும் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். வேறுபாடு எங்கே தொடங்கியது என்று நீங்கள் கருதுகிறீர்கள்?

மாமா: நல்ல தலைப்பு, பிள்ளை. என்னுடைய பதில் சுருக்கமானது: படிப்பும் சிக்கனமும். 1885-ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை இந்த நாட்டின் முதல் ரயில் பாதை போடப்பட்டபோதே இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அதன் பின்னால் எழுத்தர், நிலைய அதிபர், மருத்துவமனை உதவியாளர், நில அளவையாளர் என்று யாழ்ப்பாணத்து இளைஞர்கள் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். சம்பளத்தில் பாதியைச் சேமித்தார்கள், பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அடுத்த தலைமுறையிலேயே மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் உருவானார்கள்.

பெரியப்பா: மச்சான், நீங்கள் சொல்லும் செய்திகள் எல்லாம் உண்மைதான். ஆனால் அவை விளைவுகளே ஒழியக் காரணங்கள் அல்ல. அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்தில் 1816-இல் வந்து இறங்கி, 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஆக, உங்கள் பாட்டனார் கப்பல் ஏறுவதற்கு இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்பிருந்தே அந்த ஊரில் ஆங்கிலம் படித்தவர்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரன் அங்கே போய்ப் பேனா பிடிக்கத் தெரிந்தவனைத் தேர்ந்தெடுத்தான். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களுக்கோ கங்காணியை அனுப்பி, நிலம் இல்லாதவனையும் கடனில் இருந்தவனையும் பார்த்துத் திரட்டி, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றினான். இவ்விரு கூட்டத்தாரின் பேரப்பிள்ளைகளை ஒப்பிட்டு ஒருவரை உழைப்பாளி என்றும் மற்றவரைச் சோம்பேறி என்றும் சொன்னால், நாம் அளப்பது ஆள் எடுத்தவனுடைய நோக்கத்தைத்தான்.

மாமா: நான் ஒருவரையும் சோம்பேறி என்று சொல்லவில்லை, அண்ணை.

பெரியப்பா: நீங்கள் சொல்லவில்லை. படிக்கிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதற்காகத்தான் சொன்னேன்.

அத்தை: சிக்கனத்தைப் பற்றி நானும் ஒன்று சொல்லலாமா? நான் பால் வெட்டிய காலத்தில் விடியற்காலை இருட்டிலேயே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர் கூப்பிட்ட பிறகு அவரவர் நிரைக்குப் போய், மரம் மரமாகக் கோடு இழுத்துப் பால் பிடிக்கும் மங்கு வைத்து, வெயில் ஏறும் முன் முடித்துவிட்டு, காண்டா என்ற தோள்கம்பில் இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டுப் பாலைச் சுமந்து வருவோம். முதல் நாள் இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. மழைக்காலத்தில் மாதக் கடைசியில் கைக்கு என்ன வரும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தோட்டத்துக் கடையில் கடனுக்கு எழுதிச் சாமான் வாங்கித்தான் அடுப்பு எரிந்தது. சேமிப்பதற்கு முதலில் மாதம் இவ்வளவு வரும் என்ற உறுதி வேண்டும், கவிதா.

கவிதா: அத்தை, இது மிகவும் முக்கியமான குறிப்பு. வருமானத்தின் அளவைவிட வருமானத்தின் நிச்சயத்தை ஒப்பிட வேண்டும் என்று எழுதிக்கொள்கிறேன்.

ரவி அத்தான்: மெல்பர்னிலிருந்து கணக்காளன் என்ற முறையில் ஒரு தொல்லையைச் சொல்லிவிடுகிறேன். மலேசிய அரசின் புள்ளிவிவரங்களில் இந்த இரண்டு கூட்டங்களும் ‘இந்தியர்’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. குடும்ப வருமானத்தின் இடைநிலை அளவைப் பார்த்தால் சீனர் முதலிலும், இந்தியர் அடுத்தும், மலாய்க்காரரும் பிற பூர்வகுடிகளும் அடங்கிய பூமிபுத்திரர் அதற்கடுத்தும் வருகிறார்கள். இதை மட்டும் பார்க்கிறவர், இந்தியருக்கு என்ன குறை என்று கேட்பார். அந்த ஒரே எண்ணுக்குள் பங்சாரில் மாடி வீட்டில் இருக்கும் மருத்துவரும் இருக்கிறார், தோட்டம் விற்கப்பட்டு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த பாதுகாவலரும் இருக்கிறார். உன் கட்டுரைக்குத் தேவையான பிரிவினை அரசாங்க அட்டவணையில் கிடைக்காது. குடும்பங்களை நேரில் கேட்டுத்தான் நீ அதை உருவாக்க வேண்டும்.

பெரியப்பா: ரவி சொல்வது சரி. நான் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவன் என்பதால் பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று ஆங்கிலேயர் காலத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நிர்வாகம் நடத்திய பள்ளி எப்படி இருந்திருக்கும் என்பதை நீயே ஊகித்துக்கொள்ளலாம்: ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் அந்த ஆசிரியர். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தால் பிள்ளை அடுத்த நாள் மரத்தில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பால் பொறுக்கப் போகும். நிர்வாகத்துக்கும் அதுவே வசதி. சுதந்திரம் பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-ஐச் சற்றுத் தாண்டி நிற்கின்றன. அதே காலத்தில் பட்டணத்தில் இருந்த ரயில்வே எழுத்தரின் பிள்ளை, நடந்து போகும் தொலைவில் ஓர் ஆங்கிலப் பள்ளியை வைத்திருந்தது. அந்தப் பிள்ளையின் தகப்பனுக்குப் படிப்பின் மேல் பற்று இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. பற்று தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலும் இருந்தது, நல்ல பள்ளிதான் இல்லை.

மாமா: அண்ணை, இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தையும் ஒரே நிறத்தில் தீட்டிவிட வேண்டாம். தோட்டத்தில் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்தாருக்கு அரசாங்கப் பென்சன் கிடையாது, துரைக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரே நாளில் மூட்டை கட்ட வேண்டியதுதான். பென்சன் இருந்தவர்களிலும் பலர் இங்கே சொத்துச் சேர்க்கவில்லை. பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுக்க வேண்டும் என்பதற்காக ஊரில் காணி வாங்கினார்கள், கல்வீடு கட்டினார்கள். ஓய்வு பெற்றதும் திரும்பிப் போய் ‘மலாயாப் பென்சன்காரர்’ என்ற பெயரோடு அங்கேயே வாழ்ந்து முடித்தவர்கள் ஏராளம். அந்தக் காணிகளுக்கும் வீடுகளுக்கும் 1983-க்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 1995-இல் ஊரே இடம்பெயர்ந்தபோது என் தாத்தா ரயில்வேச் சம்பளத்தில் கட்டிய வீட்டுக்குக் கூரைகூட மிஞ்சவில்லை.

கவிதா: மாமா, அப்படியானால் உங்கள் பக்கத்துச் சேமிப்பில் பெரும் பங்கு இந்த நாட்டுக் கணக்கிலேயே வராதா?

மாமா: வராது. இங்கே எங்களுக்கு மிஞ்சிய முதலீடு பெரும்பாலும் பிள்ளைகளின் பட்டம்தான். அதுவும் 1970-க்குப் பிறகு நெருக்கடிக்கு உள்ளானது. ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய் மொழிக்கு மாறின. 1971-இல் பூமிபுத்திரருக்கு முன்னுரிமை தரும் புதிய பொருளாதாரக் கொள்கை வந்த பின் அரசாங்க வேலையில் எங்களுக்கு இருந்த பழைய இடம் சுருங்கியது. முடிந்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். ரவி அங்கே இருப்பதும் அந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

பெரியப்பா: நியாயமான பேச்சு. என்றாலும், கைக்குள் பட்டம் இருந்தவன் மெல்பர்னுக்குப் போனான். அதே ஆண்டுகளில் எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று வந்தது. பிறப்புப் பத்திரம் எடுக்காதவர்களும், விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாதவர்களும், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர்களும் அதில் அடிபட்டார்கள். அக்காலத்தில் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பியதாகக் கணக்கிடப்படுகிறது. இருவருமே நாட்டை விட்டுப் போனவர்கள்தான், ஆனால் ஒருவர் போனது விமானத்தில் குடியேற்ற விசாவோடு, மற்றவர் போனது கப்பலில், பிறந்த மண்ணிலேயே அந்நியராக.

அத்தை: இதற்கும் முன்னால், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் இருக்கிறது, அண்ணா. 1942, 1943-இல் ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாகப் புகுந்து ஆண்களைப் பிடித்துப் போனான். பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்கேயே மாண்டார்கள். உழைக்கும் ஆள் இல்லாமல் போன குடும்பம் எத்தனை ஆண்டுகள் பின்தங்கும் என்பதை எந்த அட்டவணையில் எழுதுவது என்று கவிதாதான் சொல்ல வேண்டும்.

கவிதா: பொருளாதாரம் ஓரளவு தெளிவாகிறது. சமூக நல்வாழ்வு என்ற பகுதியை எப்படி எழுதுவது? மரியாதை, மொழி, அமைப்புகள், முதுமைக் காலப் பாதுகாப்பு ஆகியவற்றையெல்லாம் சேர்க்கச் சொல்கிறார் பேராசிரியர்.

பெரியப்பா: மரியாதை என்றால் 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் படி. கூலி உயர்வோடு அந்தத் தொழிலாளர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரையோ கிராணியோ எதிரே வரும்போது மிதிவண்டியை விட்டு இறங்கத் தேவையில்லை என்ற உரிமை. தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். மிதிவண்டியை விட்டு இறங்காமல் போவதற்கு ஒரு சமூகம் உயிரைக் கொடுத்திருக்கிறது. இதை எந்த வருமானக் குறியீடும் உனக்குக் காட்டாது.

மாமா: அங்கே எதிரே வந்த கிராணிமாரில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் கணிசமாக இருந்தார்கள் என்பதையும் எழுது, பிள்ளை. எங்கள் வீடுகளில் தோட்டத்துத் தமிழரைப் பற்றி எவ்வளவு தாழ்வாகப் பேசினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். உன் அம்மாவின் கலியாணப் பேச்சு இரண்டு ஆண்டுகள் இழுபட்டதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

ரவி அத்தான்: இன்றைய நிலையில் மொழி என்ற அளவுகோலை வைத்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. எங்கள் தலைமுறையில் தமிழ் எழுதத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தமிழ்ப்பள்ளிகளை இன்றுவரை தாங்கி நிற்பவர்கள், தமிழில் எழுதுகிறவர்கள், நாளிதழ் வாங்குகிறவர்கள், 2007 நவம்பர் 25-இல் இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணிக்காகக் கோலாலம்பூர் வீதியில் இறங்கியவர்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் தோட்டத்து வழி வந்தவர்கள்தான். எங்களிடம் சங்கமும் கோயிலும் ஆசிரமமும் இருக்கின்றன, பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலில் திருவிழாவும் சிறப்பாகவே நடக்கிறது. ஆனால் தேர் இழுக்க வேண்டிய இளைஞர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அப்பாவைப் போன்றவர்கள் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள்.

மாமா: தனிமையைப் பற்றி நான் முறையிடவில்லை, ரவி. முறையிட்டாலும் மருத்துவச் செலவுக்குப் பணம் இருக்கும் தனிமை வேறு, இல்லாத தனிமை வேறு.

அத்தை: அண்ணா, வீட்டைப் பற்றி நீங்கள் இன்னும் சொல்லவில்லையே.

பெரியப்பா: அதற்குத்தான் வருகிறேன். இந்த ஒப்பீட்டில் என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் வீடுதான். லயத்து வீடு வேலையோடு கட்டுண்டது, வேலை போனால் வீடும் போகும். 1950-களில் ஆங்கிலேயர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோதே இந்த ஆபத்தை உணர்ந்து, அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். அருமையான முயற்சி, ஆனால் அதன் எல்லைக்கு வெளியே இருந்தவர்களே மிக அதிகம். 1980-களிலும் 90-களிலும் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் குழிப்பந்து (கோல்ஃப்) திடல்களாகவும் மாறியபோது, 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதியின்படி ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி கிடைத்தது. இருபது ஆண்டு பால் வெட்டியவருக்கு 400 நாள் கூலி என்று கணக்குப் போட்டுக்கொள். அந்தத் தொகையோடு வேலை, வீடு, பிள்ளையின் பள்ளி, கும்பிட்ட கோயில் ஆகிய நான்கையும் ஒன்றாக விட்டு வெளியேற வேண்டும். அரசாங்க எழுத்தரும் குவாட்டர்ஸில்தான் இருந்தார், ஆனால் ஓய்வு பெறும் நாள் அவருக்கு முன்கூட்டியே தெரியும், அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் பென்சன் வரும். அதைக் காட்டி அவர் கடன் வாங்கலாம்.

ரவி அத்தான்: பெரியப்பா, வங்கியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே முடிவுதான் வருகிறது. சொந்த வீடு இருந்தால் அதை அடமானம் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கலாம், அந்தப் பிள்ளை அடுத்த வீட்டை வாங்கும். ஒரு குடும்பம் 1960-இல் வீடு வாங்கி, இன்னொரு குடும்பம் 1995-இல் வாங்கியிருந்தால், இடையில் உள்ள 35 ஆண்டுகளில் நிலத்தின் விலை ஏறிய பலன் முழுவதும் முதல் குடும்பத்துக்கே போயிருக்கும். மாதச் சம்பளம் இன்று சமமாக இருந்தாலும் அந்த இடைவெளி மூடாது.

கவிதா: அப்படியானால் வருமானத்தைக் கேட்பதைவிட, முதல் சொந்த வீடு எந்த ஆண்டில் வந்தது என்று ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்பதையே கேள்வித்தாளின் மையமாக வைத்துக்கொள்கிறேன். உங்களிடமே தொடங்கலாமா?

மாமா: கோலாலம்பூரில் 1961, அப்பாவின் பெயரில். ஊரிலிருந்த வீட்டைச் சேர்த்தால் அதற்கும் முன்னால், ஆனால் அது என் அத்தையின் பெயரில் சீதனமாக எழுதப்பட்டது.

அத்தை: எங்களுக்கு 1997, மூன்றாவது மாடியில் இரண்டு அறை. முன்பணம் முழுவதும் என்னுடைய ஊழியர் சேமநிதியிலிருந்து போனது, பத்திரம் என் வீட்டுக்காரரின் பெயரில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் பெரும்பாலும் சம்பளத்துக்குப் போகவில்லை, ஆனால் அவர்கள் பெயரில் காணி இருந்தது. நாங்கள் பதினைந்து வயதிலிருந்து கூலி வாங்கினோம், எங்கள் பெயரில் ஒன்றும் இல்லை. இதையும் ஒப்பிட முடியுமா என்று பார்.

கவிதா: முடியும், அத்தை. ஆண்டு, யாருடைய பெயர், யாருடைய பணம் என்று மூன்று நிரல்கள் வைக்கிறேன். புதன்கிழமைக்குள் கேள்வித்தாளை இங்கே போடுகிறேன். ரவி அத்தான், உங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு படி தேவைப்பட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரவி அத்தான்: தேவைப்படும். ஐந்து படி அனுப்பு.