மறு: 'கிரவுண்ட் ட்ரூத்' தமிழில் எப்படி எழுதுவது?

குழுவினருக்கு வணக்கம்.

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். தொலையுணர்வுப் படிப்பில் முதுநிலை, கடைசிப் பருவம். வேலூரைச் சுற்றியுள்ள ஏரிகளில் பருவமழை முடிந்து ஜனவரியில் எவ்வளவு நீர்ப்பரப்பு நிற்கிறது என்று சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைந்தெடுப்பதுதான் ஆய்வேடு. ஆங்கிலத்தில் முடித்தாகிவிட்டது. பைண்டிங்குக்குப் போகுமுன் தமிழ்ச் சுருக்கம் ஒரு பக்கம் வைக்க வேண்டும். அந்த ஒரு பக்கத்தில் 'கிரவுண்ட் ட்ரூத்' என்ற ஒரே சொல்லில் பத்து நாளாக நிற்கிறேன். படம் காட்டுவது சரியா என்று ஒப்பிட, நேரில் போய்ப் பார்த்துக் குறித்துவருகிற உண்மை நிலைதான் அது.

போன வாரம் இங்கே ஒருவர் 'தரை உண்மை' என்று தந்திருந்தார். '120 தரை உண்மைகள் திரட்டப்பட்டன' என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். "தரைன்னா சிமெண்ட் தரையா, மொசைக்கா?" என்று கேட்டார். அதோடு அடித்துவிட்டேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், சொல் அதற்குள்ளிருந்து வரட்டும். இந்தப் படத்தில் ஒரு படப்புள்ளி பத்துக்குப் பத்து மீட்டர். நம்ம கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட், ஒரு சின்ன வீட்டுமனை. தண்ணீர் அண்மை அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். செடிகொடி அதைத் திருப்பி அனுப்பும். பச்சை ஒளியோடு அதை ஒப்பிட்டு 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் தந்த குறியீட்டெண்ணைப் போட்டால், பொதுவாகத் தண்ணீர் பூஜ்யத்துக்கு மேலேயும் மற்றவை கீழேயும் நிற்கும். கணினி அதை வைத்துப் பிரித்துவிடும். பிரித்தது சரிதானா என்று பார்க்க ஆளே போக வேண்டும்.

போனேன். கணியம்பாடிப் பக்கம் ஒரு ஏரி. தென்கிழக்கு மூலை முழுக்கத் தண்ணீர் இல்லை என்கிறது படம். கரையில் நின்று பார்த்தாலும் பச்சைப்பசேலென்று புல்வெளி மாதிரிதான் இருக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா, "இன்னா கண்ணு தேடற?" என்றார். இங்கே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் கையிலிருந்த தொரட்டியை நீட்டி அந்தப் பச்சையில் குத்தினார். ஒரு முழத்துக்கு மேல் உள்ளே போய், சொட்டச் சொட்ட வெளியே வந்தது. எல்லாம் ஆகாயத்தாமரை. "இம்மாந் தண்ணி கீது, தெரியல?"

இன்னோர் இடத்தில் நேர்மாறு. தண்ணீர் என்று காட்டிய இடத்தில் வெறும் பாறைச் சரிவு. செயற்கைக்கோள் காலை பத்தரை மணி வாக்கில் கடக்கிறது. ஜனவரி வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து விழுவதால் செங்குத்தான மலைகளின் வடமேற்கில் நிழல். படத்தில் நிழலும் தண்ணீரும் அண்ணன் தம்பி.

ஆக, எனக்குச் சொல் வேண்டியது இரண்டுக்கு: இப்படிப் போய்ப் பார்த்து வருவதற்கு ஒன்று, கைபேசியில் அட்சரேகை தீர்க்கரேகையோடு குறித்துவந்த அந்த 120 இடங்களுக்கு ஒன்று.

* * *

> பிரித்தது சரிதானா என்று பார்க்க ஆளே போக வேண்டும்.

அம்மா, இது எங்களுக்குப் பழகின வேலை. நான் அணைக்கட்டுப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுத, வயல் வயலாகப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு அஜ்மாயிஷ் என்று பெயர். பாரசீகத்தில் சோதித்துப் பார்த்தல். நான் எழுதியதில் சிலவற்றை வருவாய் ஆய்வாளர் வந்து மறுபடி பார்ப்பார், அவருக்கு மேலே வட்டாட்சியர். புளியமரத்தடியில் உட்கார்ந்தபடியே அடங்கல் எழுதி முடித்தவர்களும் உண்டு, அது வேறு கதை.

தமிழில் புலத்தணிக்கை என்போம். புல எண், புலப்படம் எல்லாம் ஊருக்கே தெரிந்தவை. இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்? போய்ப் பார்ப்பது புலத்தணிக்கை, குறித்துவந்தது புலச்சான்று.

* * *

ஐயா, நன்றி. அஜ்மாயிஷ் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. புலச்சான்றை இரண்டு நாள் சுருக்கத்தில் வைத்தும் இருந்தேன். விடுதித் தோழி படித்துவிட்டு, "இது எந்த இ-சேவையில தர்றாங்க?" என்றாள். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று என்று வாங்கி வாங்கி, சான்று என்றாலே முத்திரை குத்திய தாள்தான் நினைவுக்கு வருகிறது. தணிக்கையிலும் எனக்கு ஒரு தயக்கம். மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் கணக்கைப் பார்ப்பது தணிக்கை. நான் செய்தது ஆயாவிடம் கேட்டுக்கொண்டு வந்தது.

* * *

பெங்களூரிலிருந்து ஒரு குறுக்கீடு, மன்னிக்கவும். சொந்த ஊர் ஆற்காடுதான். இயந்திரக் கற்றலிலும் நாங்கள் இதே 'கிரவுண்ட் ட்ரூத்'தைத்தான் தினமும் சொல்கிறோம். இது பூனை, இது நாய் என்று ஆள் வைத்துப் பெயரிட்ட படங்கள். அங்கே புலமும் இல்லை, தரையும் இல்லை, ஏசி அறைதான். இரண்டுக்கும் ஒத்துவருகிற மாதிரி பாருங்கள்.

* * *

நான் குடியாத்தம். அப்பா அச்சகம் வைத்திருந்தார். தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு மெய்ப்புப் பார்க்கிற வேலை. நான் மூலப்படியை எழுத்தெழுத்தாக உரக்கப் படிப்பேன், அப்பா அச்சான தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். ஒருமுறை பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் ஒரு கால் விட்டுப்போய் 300 தாளும் வீண். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்தப் பெண் சொல்கிற வேலையைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. ஏரி மூலப்படி, படம் அச்சுப்படி. அதனால் களமெய்ப்பு என்று சொல்லலாமே. மெய் என்பதும் உள்ளேயே இருக்கிறது. 'மெய்ப்புப் பார்' என்று வினையும் தயாராக இருக்கிறது.

* * *

> அதனால் களமெய்ப்பு என்று சொல்லலாமே.

களம் என்றால் எங்கள் பக்கம் நெல்லடிக்கிற இடம், ஆனால் கள ஆய்வு, களப்பணி எல்லாம் வந்துவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன். வேறொரு சந்தேகம். அச்சகத்தில் மெய்ப்பு என்பது திருத்துவதற்காக எடுத்த சோதனைத் தாள். அப்படிப் பார்த்தால் இங்கே மெய்ப்பு என்பது படமல்லவா? களத்தில் குறித்துவந்ததை மெய்ப்பு என்றால் தலைகீழாகிவிடாதா?

* * *

ஐயா சொன்னது சரிதான், நானும் ஓர் இரவு முழுக்க அதில் மாட்டிக்கொண்டேன். அப்புறம் தோன்றியது: அந்த 120 இடங்களை நான் மெய்ப்பு என்று சொல்லப்போவதில்லை, மெய்ப்புப் புள்ளி என்கிறேன். மெய்ப்புப் பார்த்த புள்ளி, அவ்வளவுதான். போய்ப் பார்க்கும் வேலை களமெய்ப்பு. பெங்களூர் அண்ணன் களத்தைக் கழற்றிவிட்டு மெய்ப்புத் தரவு என்று வைத்துக்கொள்ளலாம். பூனைக்கும் பொருந்தும்.

ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அச்சகத்தில் மூலப்படி தாளாகக் கையிலேயே இருந்தது. எனக்கு அது அவ்வளவு திடமில்லை. கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். பத்து மீட்டர் படப்புள்ளியில் அது பக்கத்து மனைக்குப் போய்விடக் கூடிய தூரம். அதனால் கரையோரப் புள்ளிகளை விட்டுவிட்டு, சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிற இடங்களாகத்தான் எடுத்தேன். வாய்மொழித் தேர்வில் இதைக் கட்டாயம் கேட்பார்கள் என்று நெறியாளர் பயமுறுத்தியிருக்கிறார்.

இந்தச் சொல் வந்ததும் மற்றது சுலபமாகிவிட்டது. ஆயா காட்டிய மூலை, ஏரியில் இருந்து படத்தில் இல்லாதது: விடுபிழை. மலைநிழல், படத்தில் இருந்து நிலத்தில் இல்லாதது: சேர்பிழை. அச்சகத்தில் கால் விடுபட்டதும், இல்லாத கால் முளைத்ததும் மாதிரி. இரண்டையும் கட்டம் போட்டு எண்ணும் அட்டவணைக்குப் பிழை அணி என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன், அது நிற்கட்டும்.

சுருக்கத்தில் இப்போது இருக்கிற வரி இது:

'வகைப்பாட்டின் துல்லியம், 120 மெய்ப்புப் புள்ளிகளில் செய்த களமெய்ப்பின் வழியே அளவிடப்பட்டது. மிதக்கும் தாவரங்கள் மூடிய நீர்ப்பகுதிகளில் விடுபிழை மிகுதி.'

நெறியாளர் படித்துவிட்டார். சொல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. களமெய்ப்புக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, 'சேர்த்தா, பிரித்தா?' என்று மட்டும் எழுதியிருக்கிறார். பைண்டிங் வெள்ளிக்கிழமை. தமிழாசிரியர்கள் யாராவது வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.