மறுமுறை பிரான்ஸ் போகிறவர்கள் கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

முதல்முறை பிரான்ஸ் போகிறவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். மறுமுறைதான் கை தளர்கிறது. மெட்ரோ பழகிவிட்டது, ஈஃபிலைப் பார்த்தாயிற்று, இனித் தெற்கே இறங்கி நிதானமாகச் சுற்றலாம் என்று விமான டிக்கெட்டையும் தங்கும் அறையையும் மட்டும் பதிவுசெய்துவிட்டுக் கிளம்புகிறோம். 2025 மே மாதக் கடைசியில் அம்மாவையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு நான் போனதும் அப்படித்தான்.

தெற்கே நாங்கள் முதலில் இறங்கிய அவிஞ்ஞோன் நகரில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. பாரிஸிலிருந்து வரும் டி.ஜி.வி. என்ற அதிவேக ரயில் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும் புதிய நிலையத்தில்தான் இறக்கிவிடும். கோட்டைச் சுவரை ஒட்டிய பழைய நிலையத்துக்கு அங்கிருந்து ஐந்தே நிமிடத்தில் இன்னொரு ரயில் போகிறது. பெட்டிகளும் வயதானவர்களும் உடன் இருந்தால், அறை எந்த நிலையத்துக்குப் பக்கம் என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

எங்களை உண்மையில் சோதித்தது வியாழக்கிழமை. லுபெரோன் மலைக்கு எதிர்ப்புறம் கோர்த் என்றொரு கல்வீட்டு ஊர். பாறை விளிம்பில் அடுக்கடுக்காக ஏறி நிற்கும். அம்மா அதைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருந்தார். கவய்யோன் என்ற ஊர் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம் என்று புறப்பட்டோம். பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. நாய் ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும் நின்றார். கால அட்டவணையின் அடியில் இருந்த பொடி எழுத்து வரியை விரலால் தொட்டுக் காட்டினார். ஞாயிறும் பொது விடுமுறையும் பஸ் கிடையாது. அன்று இயேசுவின் விண்ணேற்றப் பெருவிழா. அக்காவுக்குத் தெரிந்த கொஞ்சம் பிரெஞ்சில் பேச்சு நீண்டது. ரயில் விடுமுறையிலும் ஓடும், திரும்பும் வழியில் லீல்-சுர்-லா-சோர்க்கில் இறங்குங்கள், அம்மாவுக்கும் அங்கே நடக்க எளிது என்று சொல்லி, நிலையம் வரை கூடவே வந்து விட்டுப்போனார். பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இனிக் கோபம்தான் வரும்.

பிரான்ஸில் மே மாதம் விடுமுறைகள் நிறைந்தது. 1-ஆம் தேதி தொழிலாளர் நாள், 8-ஆம் தேதி இரண்டாம் உலகப்போர் வெற்றி நாள். ஈஸ்டரைக் கொண்டு கணக்கிடும் விண்ணேற்றப் பெருவிழா எப்போதும் வியாழக்கிழமையில்தான் வரும். வெள்ளிக்கும் விடுப்புப் போட்டு நான்கு நாளாக்கிக்கொண்டு பலர் ஊர்ப்பயணம் கிளம்பிவிடுவார்கள். பிறகு பெந்தெகொஸ்தே திங்கள், அது சில ஆண்டுகளில் ஜூனுக்குப் போய்விடும். அந்த ஆண்டின் தேதிகளைக் குறித்துக்கொண்ட பிறகே மற்றதை முடிவு செய்யுங்கள்.

லீல்-சுர்-லா-சோர்க்கில் ஆற்றின் கால்வாய்கள் ஊருக்குள்ளேயே ஓடுகின்றன. பாசி படர்ந்த பெரிய நீர்ச்சக்கரங்கள் இன்னும் சுற்றுகின்றன. அம்மா அந்த நீரோரத்தைவிட்டு நகரவே மறுத்தார். ஆனால் நாங்கள் சாப்பிடப் போனபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. சிறிய ஊர்களில் மதிய உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான், அதன்பின் அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஏழு மணிக்கு மேல் ஆகும். அம்மா சைவம். மூடத் தயாராக இருந்த ஒரு கடையின் அம்மாள் ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் தக்காளியும் நறுக்கிக் கொடுத்து உட்காரவைத்தார். எல்லா நாளும் அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார். பையில் எப்போதும் ஏதாவது இருக்கட்டும்.

ஞாயிறன்று பாரிஸ் திரும்பும் டி.ஜி.வி.யில் இடமே இல்லை. டி.ஜி.வி. கட்டணம் விமானத்தைப் போல நாள் நெருங்க நெருங்க ஏறும், விடுமுறை முடிவில் வண்டிகள் நிரம்பிவிடும். மாநில ரயிலான டி.இ.ஆர். எங்களைக் காப்பாற்றியது. அவிஞ்ஞோனிலிருந்து லியோன், லியோனிலிருந்து திஜோன் வழியாக பாரிஸ் பெர்சி. லியோனிலிருந்தே ஐந்து மணி நேரம் ஆகிறது. நாங்கள் ஏறிய வண்டிகளில் இருக்கை முன்பதிவு இல்லை. அம்மாவுக்கு இடம் கிடைத்தது, நாங்கள் இருவரும் பாதி வழி நின்றோம். போன் என்ற ஊருக்கு முன்னும் பின்னும் திராட்சைத் தோட்டங்கள் ஜன்னலோரம் வந்துகொண்டே இருந்தன. அவசரம் இல்லாதவர்கள் அந்த வழியில் ஒருமுறை வேண்டுமென்றே போகலாம்.

திங்கள் ஓர்சே அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, லூவ்ருக்குச் செவ்வாய். திங்களன்று லூவ்ரில் நேரச்சீட்டு தீர்ந்திருந்ததால் நோத்ர்தாம் போனோம். 2019 தீ விபத்துக்குப் பின் சாரங்களுக்குள் நின்ற பேராலயம் 2024 டிசம்பரில் திறந்துவிட்டது. நுழைவு இலவசம், முன்பதிவும் இலவசம், கட்டாயமில்லை. வரிசை நீளம்தான், ஆனாலும் நகர்ந்துகொண்டே இருந்தது. கழுவித் துலக்கிய வெளிர்கல் உள்ளே அத்தனை வெளிச்சம் தருகிறது.

இன்னும் சில செய்திகள். பாரிஸின் நவீன கலைக்கூடமான பாம்பிடூ மையம் சீரமைப்புக்காக மூடப்பட்டிருக்கிறது, 2030 வரை திறக்காது. மெட்ரோவில் பத்துச் சீட்டுக் கட்டு இப்போது இல்லை, நாவிகோ என்ற பயண அட்டை வாங்கிப் பயணங்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். வாரச்சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைதான். நடப்பு வாரத்துக்கு வியாழன் வரையே விற்பார்கள், வெள்ளியன்று இறங்குகிறவர்களுக்கு அடுத்த வாரத்துக்குரியதுதான் கிடைக்கும். தெற்கே நாங்கள் சுற்றிய பிரொவான்ஸ் பகுதியில் சந்தைகளுக்கும் கிழமை உண்டு: கோர்த்தில் செவ்வாய், ஆர்லிலும் ஆப்திலும் சனி, லீல்-சுர்-லா-சோர்க்கில் ஞாயிறு காலை. கார் ஓட்டாதவர்கள் பஸ் நாளையும் சந்தை நாளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து அறையைப் பதிவு செய்யுங்கள்.