இடது கால் 3.5 செ.மீ. குட்டை, ‘அழகு சிகிச்சை’ என்று கேஷ்லெஸ் மறுப்பு: வழி உண்டா?

ஒன்றரைக்கால்:
ஒன்பது வயதில் சைக்கிளில் போகும்போது வேன் இடித்து இடது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. முறிவு கூடிவிட்டது. ஆனால் எலும்பு வளரும் குருத்து அடிபட்டதால் அந்தக் கால் பின்தங்கிவிட்டது. இப்போது வயது 27, வித்தியாசம் 3.5 செ.மீ. இடது செருப்புக்கு மட்டும் அடியில் ரப்பர் ஒட்டிப் போடுகிறேன். ஒரு வருடமாக இடுப்பு வலி வேறு. இலிசாரோவ் வளையம் (காலைச் சுற்றி வெளியே மாட்டி, எலும்பில் கம்பி கோத்து, திருகித் திருகி நீட்டும் சட்டம்) போட்டு நீட்டலாம் என்கிறார் டாக்டர். ஆபீஸ் குரூப் பாலிசியில் கேட்டால், “அழகு சிகிச்சை, எக்ஸ்க்ளூஷன் 08” (பாலிசி பணம் தராத செலவுகளில் ஒன்று) என்று ஒரே வரியில் ரிஜெக்ட். நான் என்ன மாடலிங்கா போகப்போகிறேன்?

பில்கட்டு:
ஆஸ்பத்திரி முன்அனுமதி கேட்டு அனுப்பிய ப்ரீ-ஆத் படிவத்தில் நோய் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? அப்படியே போடுங்கள்.

ஒன்றரைக்கால்:
“லிம்ப் லெங்தனிங், இடது டிபியா”. அதாவது இடது முழங்காலுக்குக் கீழ் எலும்பை நீட்டுவது. அவ்வளவுதான்.

பில்கட்டு:
அதுதான் வினை. அது நோயின் பெயரே இல்லை, செய்யப்போகும் வேலையின் பெயர். டிபிஏ-வில் (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளைம்களைப் பார்க்கும் நிறுவனம்) நானும் ஆறு வருடம் உட்கார்ந்தவன். அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் உயரம் கூட்டுகிற ஆசாமி என்றுதான் தோன்றும். உங்கள் காலை அங்கே யாரும் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள்.

எக்ஸ்க்ளூஷன் 08-ஐ முழுசாகப் படியுங்கள். தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று தொடங்கும். ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் விபத்துக் கேஸ். டாக்டரிடம் புதுக் கடிதம் வாங்குங்கள்: விபத்தில் வளர்ச்சிக் குருத்து சேதம், அதனால் 3.5 செ.மீ. குறை, இடுப்புச் சாய்வு, வலி, செருப்பு உயர்த்தியும் தீரவில்லை. கூடவே இரண்டு காலையும் அளந்த ஸ்கேனோகிராம், பழைய எக்ஸ்ரே, அன்றைய ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்).

இன்னொன்று. விபத்து பாலிசிக்கு முன்னால் நடந்தது. பல குரூப் பாலிசிகளில் முன்னரே உள்ள நோய்க்குக் காத்திருப்பு கிடையாது. எச்.ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தனிப் பாலிசி என்றால் 36 மாதம் வரை காக்க வைக்கலாம்.

அஞ்சேமூணு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் உயரம் 5 அடி 3 அங்குலம், கால் இரண்டும் சமம், உயரம் கூட்டத்தான் ஆசை. ஒரு ஏஜென்ட் “ஊனம்னு எழுதி க்ளைம் பண்ணிடலாம் தம்பி” என்கிறார்.

பில்கட்டு:
தம்பி, அந்தப் பக்கமே போகாதீர்கள். எக்ஸ்ரே இரண்டையும் அருகருகே வைத்தால் பொய் தெரிந்துவிடும். மோசடி என்று வந்தால் பாலிசியையே ரத்து செய்வார்கள். அறுவைக்குப் பின் கம்பி துளையில் சீழ் வைத்தாலும் கைக்காசுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வளையம்போட்டவள்:
எனக்கு 4 செ.மீ. நீட்டினார்கள். ஒரு வாரம் கழித்துத் திருகத் தொடங்குவோம். ஒரு தடவைக்கு கால் மில்லிமீட்டர், நாளைக்கு நாலு தடவை. நீட்டுவது 40 நாளில் முடிந்துவிடும். எலும்பு கெட்டிப்படத்தான் மாதக்கணக்கு. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என் பாலிசியில் 60 நாள்தான். மூன்றாம் மாதப் பிசியோதெரபி பில் எல்லாம் என் தலையில். வளையம் எடுப்பதற்கும் தனி ப்ரீ-ஆத். அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பில்கட்டு:
மறுபடியும் மறுத்தால் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணமும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரை கேட்கலாம். ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

ஒன்றரைக்கால் (ஏழு வாரம் கழித்து):
ஏ.ஆர். காப்பி அம்மாவின் டிரங்குப் பெட்டியில், என் ஜாதகத்தோடு மடித்து இருந்தது! புதுக் கடிதத்தோடு அனுப்பினோம். இரண்டு முறை கேள்வி கேட்டுவிட்டு அனுமதித்தார்கள். அறை வாடகையில் கொஞ்சம் வெட்டு, அதோடு சண்டை போடவில்லை. வளையம் மாட்டி 11 நாள். பேண்ட் எதுவும் ஏறாது, மூன்று லுங்கி வாங்கியாச்சு. ராத்திரி பத்து மணித் திருகலுக்கு அம்மாதான் ஸ்பானரோடு வந்து நிற்கிறார். வளையம் எடுக்கும் ப்ரீ-ஆத் பற்றி எச்.ஆருக்கு இப்போதே மெயில் போட்டுவிட்டேன் அக்கா.